கைவிட்ட ரவுட்டருக்குப் புதிய லினக்ஸ்: போர்ட்டிங் என்றால் என்ன, எங்கே தொடங்குவது

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று வன்னியில் எந்தப் பக்கம் போனாலும், ஃபைபரோ 4ஜியோ வந்துவிட்ட வீடுகளில் பழைய ரவுட்டர் ஒன்று அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கும். பெரும்பாலும் அதன் வன்பொருளில் பழுது எதுவும் இருக்காது. உள்ளே ஓடும் மென்பொருளைத் தயாரித்தவர்கள் எப்போதோ கைவிட்டிருப்பார்கள். பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும், வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்காது. அதே பெட்டியில் புதிய லினக்ஸ் ஓடினால் பாடசாலை அலுவலகத்து இணையத்தை எதிர்க் கட்டட வகுப்பறைக்குக் கொண்டுபோகலாம். யூ.எஸ்.பி. துளை இருந்தால் ஒரு பென் டிரைவில் பாடப்புத்தகங்களை ஏற்றி, இணையமே இல்லாத நாளிலும் வகுப்பு முழுவதற்கும் கொடுக்கலாம்.

இப்படிச் சிறு பெட்டிகளுக்கென்றே உள்ள திறந்த மூல இயங்குதளம் ஓபன்டபிள்யூஆர்டி. (பாடசாலைப் பாடத்தில் ‘பணிசெயல் முறைமை’ என்று படித்ததைத்தான் இங்கே இயங்குதளம் என்கிறோம்.) லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்ததும், ஜி.பி.எல். உரிமத்தின்படி (மூல நிரலையும் பகிரக் கோரும் உரிமம்) அதன் மூல நிரல் 2003-இல் வெளியிடப்பட்டது. அந்த நிரலிலிருந்து 2004-இல் ஓபன்டபிள்யூஆர்டி தொடங்கியது. அந்த முதல் பெட்டியிலே இருந்தது 4 மெகாபைட் ஃபிளாஷும் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) 16 மெகாபைட் ரேமும்தான். இன்று பட்டியலில் இருக்கும் நூற்றுக்கணக்கான ரவுட்டர்களில் பெரும்பாலானவை, யாரோ ஒருவர் தன் மேசையில் திறந்து வைத்துப் போர்ட் செய்தவை.

எது போர்ட்டிங், எது வெறும் நிறுவல்

பழைய பென்டியம் 4 கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டைப் போடுவது போர்ட்டிங் ஆகாது. அந்த வகைக் கணினிக்கு லினக்ஸ் ஏற்கெனவே பழக்கப்பட்டது. அங்கே கேள்வி, உங்கள் இயந்திரத்துக்கு இன்னும் ஆதரவு இருக்கிறதா என்பது மட்டுமே. 2023-இல் வந்த டெபியன் 12-ஐ 32 பிட் கணினியில் நிறுவலாம். 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை, நிறுவியும் இல்லை. ஆகவே அந்தக் கணினிக்கு 12-ஐப் போட வேண்டும், அவ்வளவுதான்.

போர்ட்டிங் தொடங்குவது, இயங்குதளத்துக்கு உங்கள் வன்பொருளை அறவே தெரியாத இடத்தில். அதிலும் படிகள் உண்டு. உங்கள் ரவுட்டரின் முதன்மைச் சிப்பைக் கெர்னலுக்குத் தெரியும், அந்தச் சிப் பொருத்தப்பட்ட குறிப்பிட்ட போர்டை மட்டும் தெரியாது என்றால், அது தொடக்கநிலையில் உள்ளவர் சில வாரங்களில் முடிக்கக்கூடிய வேலை. சிப்பே தெரியாது என்றால் நேரக் கடிகாரம், குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி, சீரியல், ஈதர்நெட் என்று ஒவ்வொன்றுக்கும் டிரைவர், அதாவது அதை இயக்கும் நிரல், எழுத வேண்டும். அது மாதக்கணக்கு, சில வேளை வருடக்கணக்கு. முதல்முறை செய்பவர் முதலாவதையே எடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

நடப்பது என்ன என்பதை வயல் வழியாகப் பார்ப்போம். இரணைமடுவின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களில் நீர் திறந்துவிடுவதற்கு அனுபவமுள்ள ஒருவர் வெளியூரிலிருந்து வருகிறார் என்று வையுங்கள். நீர் பாய்ச்சும் கலை அவருக்கு அத்துபடி. ஆனால் எந்த மடை எந்த வாய்க்காலுக்குப் போகிறது, எந்தக் கதவை இடப்பக்கம் திருப்பினால் திறக்கும், எந்த வாய்க்காலைத் தொடவே கூடாது என்பது அவருக்குத் தெரியாது. இவற்றை எழுதி ஒரு தாளைக் கொடுத்தால் அன்றே வேலை தொடங்கிவிடும். தாளில் ஒரு மடையை மாற்றி எழுதிவிட்டால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தண்ணீர் வேறு வயலுக்குத்தான் போகும். கெர்னல் அந்த வெளியூர்க்காரர். அந்தத் தாளுக்கு லினக்ஸ் உலகில் டிவைஸ் ட்ரீ என்று பெயர். போர்டு போர்ட்டிங்கில் நீங்கள் எழுதுவதில் பெரும்பகுதி அந்தத் தாள்தான். புதிதாக நிரல் எழுதுவது மிகக் குறைவு. போர்டைப் பார்த்து உண்மையைச் சரியாகக் குறித்துக்கொள்வதே வேலை.

எந்தப் பெட்டியை எடுப்பது

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரிப் பெயரோடு பதிப்பு எண்ணும் இருக்கும். அதை விடாமல் குறியுங்கள். ஒரே பெயரில் பதிப்பு 1-இல் ஒரு சிப்பும் பதிப்பு 3-இல் முற்றிலும் வேறு சிப்பும் இருப்பது மிகச் சாதாரணம். ஓபன்டபிள்யூஆர்டியின் வன்பொருள் பட்டியலில் அந்தப் பதிப்பு ஏற்கெனவே இருந்தால் போர்ட் செய்யத் தேவையில்லை, இறக்கி நிறுவினாலே போதும்.

இல்லாவிட்டால் மூடியைத் திறந்து சிப்களைப் படியுங்கள். ஏதரோஸ் (பிற்காலத்தில் குவால்காம் ஏதரோஸ்), மீடியாடெக், ராலிங்க் சிப் என்றால் நம்பிக்கையோடு தொடங்கலாம். எங்கள் பக்கத்தில் கூடுதலாகக் கிடைக்கும் பழைய ஏ.டி.எஸ்.எல். பெட்டிகளைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: பலவற்றில் பிராட்காமின் 63 வரிசைச் சிப்கள் இருக்கின்றன, அவற்றின் டி.எஸ்.எல். பகுதிக்குத் திறந்த டிரைவர் இல்லை. லினக்ஸ் ஏறினாலும் தொலைபேசிக் கம்பி வழி இணைய இணைப்பு வராது; ஈதர்நெட் மட்டும் மிஞ்சும், வைஃபையும் அரைகுறையாகவே இருக்கும். லாண்டிக் சிப் உள்ள ஏ.டி.எஸ்.எல். பெட்டி கிடைத்தால் டி.எஸ்.எல். பகுதியையும் இயக்கலாம்.

அடுத்தது நினைவகம். ஃபிளாஷ் சிப் எட்டுக் கால்களோடு சிறிதாக இருக்கும். அதன் மேல் 25கியூ32 என்று இருந்தால் 4 மெகாபைட், 25கியூ64 என்றால் 8, 25கியூ128 என்றால் 16. சிப் எண் மெகாபிட்டில் சொல்லும், எட்டால் வகுத்தால் மெகாபைட். இன்றைய பதிப்புகளுக்குக் குறைந்தது 8 மெகாபைட் ஃபிளாஷும் 64 மெகாபைட் ரேமும் வேண்டும். 4 மெகாபைட் ஃபிளாஷும் 32 மெகாபைட் ரேமும் உள்ளவற்றுக்கு 19.07 வரிசையோடு அதிகாரபூர்வப் பதிப்புகள் முடிந்தன. அந்த வரிசைக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2022-இல் நின்றன. அப்படிப்பட்ட பெட்டியில் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மூலநிரலைத் தொகுப்பது வெற்றியாக முடியும், ஆனால் கெர்னலும் கோப்பு முறைமையும் போக அமைப்புகளைச் சேமிக்கக்கூட இடம் இருக்காது.

இன்னொன்று: ஐப்பசி இடிக்குப் பிறகு கைவிடப்பட்ட பெட்டியானால் முதலில் ஒவ்வொரு லேன் துளையும் வேலை செய்கிறதா என்று பழைய மென்பொருளிலேயே பார்த்துவிடுங்கள். கம்பி வழியாக வந்த மின்னல் ஈதர்நெட் பகுதியைச் சுட்டிருந்தால், அதை உங்கள் டிவைஸ் ட்ரீ பிழை என்று நினைத்து வாரக்கணக்கில் தேடுவீர்கள்.

மூன்று கம்பி

ரவுட்டருக்குத் திரை இல்லை. அது என்ன நினைக்கிறது என்பதைப் பார்ப்பதற்கு உள்ளே சீரியல் என்று ஒரு வாசல் உண்டு. போர்டில் வரிசையாக நான்கு துளைகளோ புள்ளிகளோ இருக்கும். அதோடு பேச யூ.எஸ்.பி.-டி.டி.எல். மாற்றி ஒன்று வேண்டும். சி.பி. 2102, சி.எச். 340, எஃப்.டி. 232 ஆகிய சிப்களில் எது இருந்தாலும் சரி, மாற்றியில் 3.3 வோல்ட், 5 வோல்ட் தெரிவு இருந்தால் 3.3-இல் வையுங்கள். பழைய கணினியின் பின்புறம் இருக்கும் ஒன்பது முள் சீரியல் துளையை நேராக இணைக்காதீர்கள். அந்த மின்னழுத்தம் பல வோல்ட் மேலும் கீழும் போகும், சிப் அந்தக் கணமே போய்விடும்.

நான்கு துளைகளில் எது எது என்று மல்டிமீட்டரால் காணலாம். மின்சாரம் இல்லாத நிலையில், லேன் துளையின் உலோகக் கூட்டோடு தொடர்பு காட்டி ஒலியெழுப்புவது தரை. பிறகு மின்சாரம் கொடுத்து அளந்தால், அசையாமல் 3.3 வோல்ட் காட்டுவது மின்வழங்கல். தொடங்கும்போது ஆடி ஆடிக் கடைசியில் 3.3-ஐ ஒட்டி நிற்பது ரவுட்டர் அனுப்பும் கம்பி. மிஞ்சியது ரவுட்டர் வாங்கும் கம்பி. தரையைத் தரையோடு இணையுங்கள். ரவுட்டர் அனுப்புவது மாற்றியின் வாங்கும் முனைக்குப் போக வேண்டும், மாற்றி அனுப்புவது ரவுட்டரின் வாங்கும் முனைக்கு. மின்வழங்கல் துளையில் எதையும் இணைக்க வேண்டாம். ரவுட்டர் தன் அடப்டரிலேயே ஓடட்டும்.

கணினியில் மினிகாம், புட்டி போன்ற ஒன்றைத் திறந்து, ஏதரோஸ் என்றால் 115200, ராலிங்க் என்றால் 57600, ரியல்டெக் என்றால் 38400 வேகம் வைத்துப் பாருங்கள். கிறுக்கல் எழுத்துகள் ஓடினால் வேகம் தவறு. வேகம் சரியாக இருந்தும் இடையிடையே கிறுக்கல் வந்தால் தரைக் கம்பி சரியாகப் பிடிக்கவில்லை. ஒன்றுமே வராவிட்டால் இரண்டு கம்பிகளையும் மாற்றிப் பாருங்கள். எழுத்து வருகிறது, ஆனால் நீங்கள் தட்டுவது உள்ளே போகவில்லை என்றால், சில தயாரிப்பாளர்கள் அந்தப் பாதையில் ஒரு சிறு மின்தடையைப் பொருத்தாமல் விட்டிருப்பார்கள். வெறும் இரு புள்ளிகள் தெரியும், அவற்றை ஈயத்தால் இணைத்துவிடலாம். நுண்ணிய ஈய வேலை கைவராதவர்கள் கைபேசி திருத்தும் கடையில் கேட்டால், உருப்பெருக்கியும் மெல்லிய அயனும் அங்கே இருக்கும்.

ஓடிவரும் வரிகளை முழுவதும் ஒரு கோப்பில் சேமியுங்கள். சிப்பின் பெயர், ரேம் அளவு, ஃபிளாஷ் பகுதிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, ஈதர்நெட் சுவிட்ச் எது, எல்லாம் அதற்குள் இருக்கும். நீங்கள் எழுதப்போகும் தாளின் பாதி ஏற்கெனவே அங்கே அச்சாகி ஓடுகிறது.

திரும்பி வர ஒரு வழி

எதையும் எழுதுமுன் ஃபிளாஷ் முழுவதையும் நகல் எடுங்கள். இதை வலியுறுத்துவதற்கு வலுவான காரணம் உண்டு. ஏதரோஸ் ரவுட்டரின் ஃபிளாஷில் பொதுவாக முதல் 128 கிலோபைட் பூட்லோடர், அதாவது மின்சாரம் வந்ததும் முதலில் ஓடிக் கெர்னலைத் தொடக்கும் நிரல். கடைசி 64 கிலோபைட் ஏ.ஆர்.டி. என்ற பகுதி, வைஃபை வானொலிக்கான அளவுத்திருத்தம் அதில்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் அந்த ஒரு பெட்டியை அளந்து எழுதிய எண்கள் அவை. அழிந்தால் இணையத்தில் தேடிக் கிடைக்காது. இன்னொரு பெட்டியின் நகலைப் போட்டால் வைஃபை ஓடக்கூடும், ஆனால் சமிக்ஞை வலுக்குன்றும், இரு பெட்டிகளும் ஒரே மேக் முகவரியோடு (வலையமைப்பில் பெட்டியை அடையாளம் காட்டும் தனி எண்) மோதும்.

நகலெடுக்க சி.எச். 341ஏ புரோகிராமரும் எட்டுக் கால் கிளிப்பும் போதும், மென்பொருள் ஃபிளாஷ்ராம். சில கறுப்பு நிறப் புரோகிராமர்களில் சிப்புக்கு 3.3 வோல்ட் போனாலும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வரும். பொருத்துமுன் அளந்து பாருங்கள். ரவுட்டரின் அடப்டரைக் கழற்றிவிட்டு, சிப்பின் மூலையில் உள்ள புள்ளிக்கு நேராகக் கிளிப்பின் சிவப்புக் கம்பி வருமாறு மாட்டுங்கள். இரண்டு முறை படித்து இரண்டு கோப்புகளின் ஷா256 எண்ணையும் (கோப்பின் கைரேகை போன்றது) ஒப்பிடுங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் அந்த நகலை நம்பக் கூடாது. பெரும்பாலும் நடப்பது இது: கிளிப் கொடுக்கும் மின்சாரம் முதன்மைச் சிப்பையும் எழுப்பிவிடுகிறது, அதுவும் அதே நேரம் ஃபிளாஷைப் படிக்கத் தொடங்குகிறது. அப்படியானால் ஃபிளாஷின் எட்டாம் காலை, அதாவது மின்வழங்கல் காலை, மெதுவாக ஈயம் உருக்கித் தூக்கிவிட்டுப் படியுங்கள். அல்லது சிப்பை முழுவதும் கழற்றுங்கள். நகலை வெவ்வேறு இரண்டு இடங்களில் வையுங்கள், பெட்டியின் தொடர் எண்ணையே கோப்பின் பெயராக்குங்கள்.

தொகுக்கும் கணினி

இந்தப் பழைய ரவுட்டர்களில் பெரும்பாலும் இருப்பது மிப்ஸ் வகைச் செயலி, உங்கள் மேசையில் இருப்பது இன்டெல் வகை. ஒன்றில் இருந்துகொண்டு மற்றதற்கான நிரலைத் தொகுப்பதைக் குறுக்குத் தொகுப்பு என்பார்கள். அதற்கான கருவிகளை ஓபன்டபிள்யூஆர்டி தானே முதலில் கட்டிக்கொள்ளும். லினக்ஸ் ஓடும் கணினி, 4 கிகாபைட் ரேம், 15 கிகாபைட் வெற்றிடம் இருந்தால் போதும். ரூட் பயனராகத் தொகுக்காதீர்கள், பென் டிரைவின் ஃபேட் வட்டிலும் வைக்காதீர்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு தெரியாத வட்டில் தொகுப்பு உடையும்.

கிட் என்ற கருவி வழியாக மூலத்தை இறக்கி, கூடுதல் பொதிகளின் பட்டியலைக் கொண்டுவரும் ஃபீட்ஸ் நிரலை ஓட்டி, மேக் மெனுகான்ஃபிக் என்ற தெரிவுப் பட்டியலில் இலக்குத் தளத்தைத் தெரிவு செய்யுங்கள், ஏ.ஆர். 71, 93 வரிசைச் சிப்களுக்கு அது ஏ.டி.எச். 79. ஏதரோஸ் பெரிய பைட்டை முதலில் வைக்கும் மிப்ஸ், பழைய மீடியாடெக், ராலிங்க் ஆகியவை சிறிய பைட்டை முதலில் வைக்கும் மிப்ஸ். ஒன்றுக்குத் தொகுத்தது மற்றதில் ஓர் எழுத்துக்கூடக் காட்டாது. அடுத்து மேக் டவுன்லோட் என்ற கட்டளையைத் தனியாக ஓட்டுங்கள். தேவையான மூலப்பொதிகள் எல்லாம், நூற்றுக்கணக்கான மெகாபைட், ஒரே தடவையில் டி.எல். என்ற கோப்புறைக்கு வந்துசேரும். இரவு டேட்டா வைத்திருப்பவர்கள் இதை மட்டும் இரவில் முடித்துவிட்டு, பகலில் இணையம் இல்லாமலே தொகுக்கலாம். ஊரில் இரண்டாவது ஆள் செய்வதாக இருந்தால் அந்தக் கோப்புறையைப் பென் டிரைவில் கொடுத்தால் போதும்.

முதல் தொகுப்பு சாதாரண மடிக்கணினியில் சில மணித்தியாலம் எடுக்கும். அடுத்தடுத்தவை சில நிமிடங்கள். இடையில் மின்சாரம் போனால் பாதி எழுதிய கோப்புகள் மிஞ்சி, மறுநாள் விளங்காத பிழைகள் வரும். அந்தப் பொதியைத் துடைத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். பிழை வந்தால் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் நடக்குமாறு, விரிவான வெளியீட்டோடு மீண்டும் ஓட்டினால்தான் உண்மையான காரணம் கடைசி வரிகளில் தெரியும்.

தாளை எழுதுதல்

வெற்றுத்தாளில் தொடங்க வேண்டாம். அதே சிப் உள்ள, ஏற்கெனவே ஆதரவு பெற்ற ஒரு போர்டின் டிவைஸ் ட்ரீ கோப்பை நகலெடுத்து, ஒவ்வொரு பகுதியாக உங்கள் போர்டுக்கு மாற்றுங்கள். பெயர், விளக்குகள், பொத்தான்கள், ஃபிளாஷ் பகுதிகள், ஈதர்நெட், வைஃபை அளவுத்திருத்தம் எங்கே இருக்கிறது என்பது: இவ்வளவுதான் அதில் இருக்கும். இதோடு, எந்தத் துளை வேன் (வெளி இணையம்), எந்தத் துளை லேன் (உள் வலை) என்று சொல்லும் வலையமைப்புக் கோப்பில் சில வரிகள். படிமம், அதாவது தொகுத்து முடிந்த இயங்குதளக் கோப்பு, எந்த அளவுக்குள் அடங்க வேண்டும், எந்தத் தலைப்போடு இருந்தால் பூட்லோடர் ஏற்கும் என்று சொல்லும் கோப்பில் சில வரிகள். மொத்தம் நான்கைந்து கோப்புகளுக்கு மேல் தொட வேண்டிவராது.

ஃபிளாஷ் பகுதிகளைச் சீரியல் வரிகளிலிருந்து எடுங்கள். பூட்லோடரையும் ஏ.ஆர்.டி.யையும் படிக்க மட்டும் என்று குறிப்பதை மறக்காதீர்கள். தொடக்கூடாத வாய்க்கால் என்று தாளில் எழுதுவது அதுதான். ஒவ்வொரு பகுதியும் அழிப்புத் தொகுதியின் எல்லையில், வழக்கமாக 64 கிலோபைட்டின் மடங்கில், தொடங்க வேண்டும். தவறினால் கெர்னல் ஒரே ஒரு வரி எச்சரிக்கையோடு அந்தப் பகுதியைப் படிக்க மட்டும் ஆக்கிவிடும். வெளியே தெரிவது என்னவென்றால் எல்லாம் நன்றாக ஓடும், கடவுச்சொல் வைப்பீர்கள், மறுதொடக்கம் செய்தால் ஒன்றும் இருக்காது.

விளக்குகளும் பொத்தான்களும் சிப்பின் எந்த ஜி.பி.ஐ.ஓ. காலில் (மென்பொருள் நேரடியாக இயக்கவோ படிக்கவோ கூடிய கால்) இருக்கின்றன என்பது எந்த ஆவணத்திலும் இருக்காது. அதற்கு வழி எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் விளக்குகள் பற்றிய பகுதியே இல்லாமல் ரவுட்டரைத் தொடக்கி, கால்களை ஒவ்வொன்றாக வெளியீடாக்கி 0-உம் 1-உம் எழுதி, எந்த விளக்கு மாறுகிறது என்று குறியுங்கள். 0 எழுதும்போது எரிந்தால் அது தலைகீழ் வகை. பெரும்பாலான விளக்குகள் அப்படித்தான். ஒரு காலைத் தொட்டதும் ரவுட்டர் மறுதொடக்கம் ஆனால் அதையும் குறியுங்கள், அது சுவிட்சின் அல்லது சிப்பின் ரீசெட்டாக இருக்கும். ஏதரோஸில் சில கால்கள் ஜேடாக் என்ற பரிசோதனை வாசலோடு பகிரப்பட்டவை. எல்லாம் சரியாக எழுதியும் ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால், ஜேடாக்கை நிறுத்தும் வரி விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ரேமில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது

தொகுத்ததை உடனே ஃபிளாஷில் எழுதும் ஆசையை அடக்க வேண்டும். இனிட்ராம்எஃப்எஸ் என்ற படிம வகை, முழு இயங்குதளத்தையும் ரேமில் வைத்தே ஓடும். பிழை என்றால் வயரைப் பிடுங்கிக் குத்தினால் பழைய மென்பொருளே திரும்ப வந்துவிடும்.

கணினியில், வலை வழியே கோப்பு கொடுக்கும் டி.எஃப்.டி.பி. சேவையகம் ஒன்றை நிறுவி, கணினிக்கு 192.168.1.2 என்று நிலையான முகவரி கொடுத்து, வைஃபையையும் தீச்சுவரையும் நிறுத்துங்கள். படிமத்துக்குச் சிறிய பெயர் வையுங்கள். ரவுட்டர் தொடங்கும் முதல் விநாடியில் ஒரு விசையைத் தட்டிப் பூட்லோடரை நிறுத்த வேண்டும், டி.பி.-லிங்க் பெட்டிகள் சிலவற்றில் அந்த ஒரு விநாடிக்குள் டி, பி, எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் தட்ட வேண்டும். பிறகு ரவுட்டருக்கு 192.168.1.1, சேவையகத்துக்கு 192.168.1.2 என்று சொல்லி, படிமத்தை ரேமுக்கு இழுத்து, பூட்எம் கட்டளையால் தொடக்குங்கள்.

எந்த ரேம் முகவரிக்கு இழுப்பது என்பதில் பலர் இடறுகிறார்கள். ஏ.டி.எச். 79-இல், படிமத்துக்குள் சுருக்கி வைக்கப்பட்ட கெர்னல் விரிந்து உட்காரும் இடம் பதினறும எண்ணில் 80060000. படிமத்தையும் அதற்கு அருகில் இறக்கினால், விரியும் கெர்னல் தன் மூலத்தின் மேலேயே எழுதித் தன்னையே அழித்துக்கொள்ளும். 81000000-இலோ அதற்கு மேலோ இறக்குங்கள்.

‘எல்.இசட்.எம்.ஏ. எரர் 1’ என்று வந்து நின்றால், பழைய பூட்லோடருக்கு இன்றைய பெரிய கெர்னலை விரிக்கத் தெரியவில்லை என்று பொருள். ஓபன்டபிள்யூஆர்டியிலேயே அதற்கென்று ஒரு சிறு விரிப்பி உண்டு. படிமச் செய்முறையில் அதைச் சேர்த்தால் தீரும். ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ என்ற வரிக்குப் பிறகு ஒரே அமைதி என்றால் சீரியல் பற்றிய வரியோ சிப் வகையோ தவறு. எல்லாம் ஏறி, குறிப்பிட்ட சில விநாடிக்கு ஒருமுறை தவறாமல் மறுதொடக்கம் ஆனால், போர்டில் தனியாக ஒரு வாட்ச்டாக் சிப் இருக்கக்கூடும், ஒரு ஜி.பி.ஐ.ஓ. காலை இடைவிடாமல் தட்டிக்கொண்டிருக்காவிட்டால் அது ரவுட்டரை நிறுத்தித் தொடக்கும். ஈதர்நெட் 100 மெகாபிட்டில் ஓடி, கிகாபிட்டில் மட்டும் பொதிகள் சிதைந்தால், பெரும்பாலும் பி.எல்.எல். மதிப்பு என்ற, கடிகார வேகத்தைத் தீர்மானிக்கும் ஒரே எண்தான் தவறாக இருக்கும். அதை ஊகிக்க முயலாதீர்கள். பழைய மென்பொருள் ஓடும்போது அந்தப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று படித்து அதையே எழுதுங்கள்.

வைஃபை பகுதியில் நாட்டுக் குறியீட்டை இலங்கைக்குரிய எல்.கே. என்று வையுங்கள். எந்த அலைவரிசை, எவ்வளவு வலு என்பதைக் கெர்னல் அதிலிருந்துதான் எடுக்கிறது. அந்த எல்லைகளை மீறுவது சட்டப்படி தவறு, அயலில் இருப்பவர்களின் இணைப்பையும் கெடுக்கும்.

பழைய வன்பொருளின் வயது

புதிய போர்டில் இல்லாத ஒரு சிக்கல் பழையதில் உண்டு. மென்பொருள் பிழை போலத் தெரிவதில் கணிசமான பங்கு மின்சாரப் பிழை. பத்து வருடம் ஓடிய அடப்டர் சும்மா அளந்தால் 9 வோல்ட் காட்டும். வைஃபை இயங்கத் தொடங்கியதும் 7-க்கு இறங்கிவிடும், ரவுட்டர் மறுதொடக்கம் ஆகும். வேலை ஓடும்போது அளந்தால்தான் தெரியும். போர்டில் உள்ள மின்தேக்கிகளின் தலை தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடிய வோல்ட், 105 பாகை வகையால் மாற்றுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வைக்கும் பெட்டிக்கு 85 பாகை வகை நெடுநாள் தாங்காது.

சூரியத் தகட்டோடு சேர்ந்த 12 வோல்ட் பற்றரியில் ஓட்டுவதாக இருந்தால் நேரடியாக இணைக்காதீர்கள். மின்னேற்றம் நடக்கும்போது பற்றரி 14.4 வோல்ட் வரை போகும். எல்.எம். 2596 போன்ற இறக்கி ஒன்றை இடையில் வைத்து, ரவுட்டரை இணைக்குமுன் திருகாணியால் 9 வோல்டுக்குச் சரிசெய்து அளந்துகொள்ளுங்கள்.

ஃபிளாஷில் எழுதுவது இத்தனைக்கும் பிறகுதான். எழுதிய பின், குளிர்ந்த நிலையிலிருந்து பத்துத் தடவையாவது தொடக்கிப் பாருங்கள். ஒவ்வொரு துளையிலும் கம்பியைக் குத்துங்கள். ஐபெர்ஃப்3-ஆல் வேகம் அளவுங்கள். ரீசெட் பொத்தான் அமைப்புகளை அழிக்கிறதா என்று பாருங்கள். மத்தியான வெயிலையும் சேர்த்து இரண்டு நாள் ஓடவிடுங்கள்.

மூலத்துக்குத் திருப்பி அனுப்புவது

வேலை செய்கிறது என்று உங்கள் கணினியிலேயே வைத்துக்கொண்டால், அடுத்த கெர்னல் பதிப்பு வரும்போது உங்கள் கோப்புகள் உடையும், நீங்கள் மட்டுமே திருத்த வேண்டியிருக்கும். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஏதரோஸ் சிப்களுக்கு முன்பு ஏ.ஆர். 71 என்ற பழைய தளம் இருந்தது. டிவைஸ் ட்ரீயைப் பயன்படுத்தும் ஏ.டி.எச். 79 வந்த பிறகு, 21.02 பதிப்பில் பழையது முற்றாக எடுக்கப்பட்டது. யாரும் எடுத்துப் புதியதற்கு மாற்றாத போர்டுகள் அதோடு பட்டியலிலிருந்து போயின. கெர்னலும் அப்படித்தான்: இன்டெல் 386 செயலிக்கான ஆதரவை 2013-இல் வந்த லினக்ஸ் 3.8 கைவிட்டது.

ஆகவே உங்கள் மாற்றத்தை ஒரே பேட்சாக்கி (மாற்றங்களை மட்டும் கொண்ட தொகுப்பு), கிட்ஹப் வழியாகத் திட்டத்துக்கு அனுப்புங்கள். பெயரோடும் மின்னஞ்சலோடும் கையொப்ப வரி வேண்டும். விளக்கத்தில் சிப், ரேம், ஃபிளாஷ், துளைகள், சீரியல் வேகமும் அதன் துளைகள் போர்டில் இருக்கும் இடமும், நிறுவும் முறை, பழைய மென்பொருளுக்குத் திரும்பும் முறை, எந்த மேக் முகவரி ஃபிளாஷில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஆகியவற்றை எழுதுங்கள். பரிசீலிப்பவர்கள் இடைவெளி, பெயரிடும் முறை போன்றவற்றுக்குக்கூடத் திருத்தம் கேட்பார்கள்; கேட்டதைத் திருத்தி அனுப்பினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஏற்றுக்கொண்ட பிறகு உங்கள் போர்டுக்கான படிமத்தைத் திட்டத்தின் சேவையகமே தொகுக்கும். மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ அதே பெட்டி வைத்திருக்கும் ஒருவர், மூடியைத் திறக்காமலே அதை இறக்கி நிறுவலாம்.